செம்பருத்திக் குச்சியும் மரவள்ளிக் காடும்

கீழே இருந்து மலை ஏறி வரும் சொந்தக்காரர்கள் முன்பெல்லாம் கையில் பழமும் காரசேவும் கொண்டு வருவார்கள். இப்போது அவற்றோடு ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டுக் குச்சியும் வருகிறது. அடுக்குச் செம்பருத்தி, மஞ்சள் செம்பருத்தி, வெள்ளைக்கு நடுவில் சிவப்புப் பொட்டு வைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்த குழந்தையை மடியிலும் குச்சிக் கட்டைக் காலடியிலும் வைத்துக்கொண்டு வந்து சேர்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். குச்சி கொடுப்பது நல்ல காரியம். கீழிருந்து மலைக்குக் குச்சி கொண்டு வருவது நல்ல காரியம் இல்லை. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். எழுபதைத் தாண்டியவனுக்கு அந்தச் சலுகை உண்டு.

மகள் இங்கே குண்டூர் நாட்டில் ஆசிரியையாக வந்ததிலிருந்து நானும் என் வீட்டுக்காரியும் அவளோடு வாடகை வீட்டில் இருக்கிறோம். தெருவில் எனக்குப் பெயர் 'டீச்சரப்பா'. முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளியவனுக்கு இந்தப் பட்டம் எவ்வளவோ மேல். திண்ணையில் இருபது தொட்டிகள் வைத்திருக்கிறேன். அதில் பாதி செம்பருத்தி. எல்லாமே குச்சியில் வந்தவை. ஒன்றுக்கும் காசு கொடுத்ததில்லை.

செம்பருத்தியைக் குச்சியில்தான் வளர்க்க வேண்டும். நம் வீட்டு வாசலில் இருக்கும் செம்பருத்திச் செடியில் காய் பார்த்தவர்கள் யாராவது உண்டா? பூ மலரும், சாயந்திரம் சுருங்கும், மறுநாள் உதிரும். பெரும்பாலான ரகங்கள் விதை கட்டுவதே இல்லை. காட்டில் தானாக முளைத்து நிற்கும் செம்பருத்தி என்று ஒன்றை எங்கும் கண்டதாகச் செய்தி இல்லை. மனிதன் கையிலிருந்து மனிதன் கைக்குக் குச்சியாகவே நடந்து வந்த செடி அது. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் இதற்குப் பெயர் வைத்தபோது சீன ரோஜா என்ற பொருளில் வைத்தார். நாங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோதும் 'ரோஸ் த ஷீன்' என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். ரோஜாவுக்கும் இதற்கும் உறவே கிடையாது. இது பருத்தி, வெண்டை, புளிச்சைக் கீரை குடும்பம். நம் பாட்டிகள் படிக்காமலே 'செம்பருத்தி' என்று பருத்தியோடு சேர்த்தார்கள். மலையாளக் கரையில் டச்சுக்காரர் வான் ரீடு 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' நூலிலும் இந்தச் செடி செம்பருத்தி என்ற ஊர்ப் பெயரோடுதான் இருக்கிறது. மலேசியா 1960இல் இதைத் தேசிய மலராக ஆக்கிக்கொண்டது. அங்கே பெயர் புங்கா ராயா. நமக்கு இது காளி கோயில் மாலைக்கும், தலைக்கு எண்ணெய் காய்ச்சவும், வாசலில் நிற்கவும்.

குச்சிக்குப் பிரெஞ்சில் 'பூத்யூர்' என்று பெயர். வகுப்பில் அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் அதை 'பூத்த ஊர்' என்று எழுதி, வாத்தியாரிடம் பிரம்படி வாங்கினான். எனக்கு இன்றைக்கும் அவன் எழுதியதுதான் சரி என்று தோன்றுகிறது.

கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், நான் குச்சி வைக்கும் விதத்தை இங்கே எழுதி வைக்கிறேன். குச்சி இளசாகவும் இருக்கக் கூடாது, முற்றியதாகவும் இருக்கக் கூடாது. நுனியில் பச்சையாக வளைவது அழுகிவிடும். அடியில் சாம்பல் நிறத்தில் மரம்போல் இருப்பது வேர் விட மாதக்கணக்கில் யோசிக்கும். இரண்டுக்கும் நடுவில், பச்சை மாறிப் பழுப்பு தொடங்கும் இடத்தில், பென்சில் கனத்தில் எடுக்க வேண்டும். வளைத்தால் வளைந்து, மேலும் வளைத்தால் 'டப்' என்று ஒடியும் பதம். நீளம் நாலிலிருந்து ஆறு அங்குலம். மூன்று நாலு கணு இருக்க வேண்டும். பூவும் மொட்டும் இருக்கிற கிளை வேண்டாம். இருந்தால் மொட்டைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் செடி உள்ள சக்தியையெல்லாம் பூவுக்குச் செலவழித்துவிட்டுச் சாகும். மாசக் கடைசியில் கல்யாணம் செய்கிற குடும்பம் மாதிரி.

கடைசிக் கணுவுக்குக் கால் அங்குலம் கீழே, சாய்வாக, கூர்மையான கத்தியால் ஒரே வெட்டு. கத்தரிக்கோல் நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் ஒரு தடவை வெந்நீரில் முக்கித் துடைத்துக்கொள்ளுங்கள். கீழ் இலைகளை எடுத்துவிட்டு மேலே இரண்டு இலையை மட்டும் வையுங்கள். அந்த இரண்டையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். வேரில்லாத குச்சிக்கு வருமானம் கிடையாது. முழு இலை வைத்திருந்தால் ஆவியாகப் போகிற தண்ணீர்ச் செலவை அதனால் தாங்க முடியாது. இலையே இல்லாவிட்டாலும் கஷ்டம், சாப்பாடு தயாரிக்கிற அடுப்பு அதுதான்.

மண் என்று பார்த்தால் இங்கத்துச் செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, தேங்காய் நார்க் கழிவு ஒரு பங்கு. எரு வேண்டாம். குழந்தை பிறக்கும் முன்பே பிரியாணி போடுகிற கதை அது. குச்சியில் பாதி மண்ணுக்குள் போக வேண்டும், குறைந்தது இரண்டு கணு. குச்சியால் நேரே குத்தாமல், முதலில் ஈர்க்குமாற்றுக் குச்சியால் துளை போட்டுப் பிறகு இறக்குங்கள். மண்ணைச் சுற்றி விரலால் அழுத்துங்கள். தண்ணீர் தெளித்து, மேலே ஒரு கண்ணாடிப் பாலிதீன் பையைக் கவிழ்த்து, வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் வைத்துவிடுங்கள். பைக்குள் வியர்த்துக்கொண்டே இருக்கும், அதுதான் வேண்டும். லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற டாக்டர் 1829 வாக்கில் மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் செடி தானே ஈரத்தைத் திருப்பித் திருப்பி உபயோகித்து உயிரோடிருப்பதைக் கவனித்தார். அவர் பெயரில் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் பிறகு உலகத்துச் செடிகள் எல்லாம் கப்பல் ஏறின. நம் பாலிதீன் பை அந்தப் பெட்டியின் ஏழைத் தம்பி. அந்தப் பெட்டிகளைப் பற்றிப் பின்னால் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலைகீழாக நட்டால் வேர் வராதா என்று என் பேரன் கேட்டான். நல்ல கேள்வி. செடியின் நுனியிலும் இளந்தளிரிலும் ஒரு சத்து ஊறி, அது கீழ்நோக்கி இறங்குகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் வந்து தேங்கி, அங்கே வேரை எழுப்புகிறது. பட்டையை வளையமாக உரித்தால் உரித்த இடத்துக்கு மேல்பக்கம்தான் வீங்கும், வேரும் அங்கேதான் வரும். பதியம் போடுகிற எல்லோருக்கும் இது தெரியும். பிரான்சில் துயமேல் துய் மோன்ஸோ என்பவர் 1758இல் மரங்களைப் பற்றி எழுதிய பெரிய நூலில் இதையெல்லாம் சோதித்துச் சொல்லியிருக்கிறார். அந்தச் சத்தைத் தனியே பிடித்துக் காட்டியவர் ஹாலந்து நாட்டு ஃப்ரிட்ஸ் வென்ட், 1928இல். ஆக்சின் என்று பெயர். கடையில் விற்கும் வேர்ப் பொடி என்பது அதன் செயற்கைச் சகோதரன்தான்.

அந்தப் பொடி செம்பருத்திக்குக் கட்டாயம் இல்லை. வெளிர் நிறக் கலப்பு ரகங்கள் சில பிடிவாதம் பிடிக்கும், அவற்றுக்கு வேண்டுமானால் ஒரு சிட்டிகை. நம் ஊர் ஒற்றைச் சிவப்புக்கு ஈர மண்ணும் பொறுமையும் போதும். தேனில் முக்கு, கற்றாழையில் முக்கு, பட்டைப் பொடியில் புரட்டு, வெங்காயத்துக்குள் செருகு என்று கைப்பேசியில் தினம் ஒரு வைத்தியம் வருகிறது. தேனை எனக்குக் கொடுங்கள், நான் தினை மாவோடு சாப்பிடுகிறேன். மேல் வெட்டில் ஒரு உருண்டை சாணி அப்புவதை மட்டும் நான் ஆதரிக்கிறேன். முருங்கைப் போத்துக்கு நம்மவர்கள் செய்வதுதான் அது. வெட்டின வாய் காயாமல் காக்கும். தண்ணீர்ப் பாட்டிலில் போட்டு வேர் விடச் செய்கிறவர்கள் உண்டு. வேர் வரும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அது தண்ணீரில் பழகிய வேர், மண்ணுக்கு மாற்றும்போது பொசுக்கென்று ஒடியும்.

காலம் முக்கியம். இங்கே ஆடியிலிருந்து ஐப்பசி வரை நல்ல காலம். காற்றில் ஈரம், குளிர் அதிகமில்லை. மார்கழி, தையில் இந்த உயரத்தில் குச்சி குளிரில் தூங்கிவிடும். கீழே நாமக்கல்லில் நாலு வாரத்தில் வருகிற வேர் இங்கே ஆறு ஏழு வாரம் எடுத்துக்கொள்கிறது. நடுவில் பிடுங்கிப் பார்க்காதீர்கள். மேலே புதுத் தளிர் வந்தால் மட்டும் போதாது, குச்சியில் இருந்த சேமிப்பிலேயே தளிர் வந்துவிடும். லேசாக இழுத்தால் கைக்கு எதிர்ப்புத் தெரிய வேண்டும். தெரிந்தால் பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள்.

இவ்வளவுதான் வித்தை. நர்சரியில் 150 ரூபாய் கொடுத்து வாங்குவதை அடுத்த வீட்டில் சும்மா கேட்டு வாங்கலாம். கேட்பதற்கு வெட்கப்படுகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது என் வருத்தம். குச்சி கேட்கப் போனால் ஒரு டம்ளர் காபி கிடைக்கும், அந்த வீட்டுச் செய்தி கிடைக்கும், செடி செத்தால் மறுபடி போகச் சாக்கு கிடைக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எந்த அரசாணையிலும் வரவில்லை.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

குச்சி என்பது செடியின் பிள்ளை அல்ல, அதே செடிதான். அதன் நிறம், மணம், குணம் எல்லாம் அப்படியே வருவது போல அதன் வியாதியும் அப்படியே வரும். விதையில் பல நோய்கள் நின்றுவிடும், குச்சியில் நிற்காது. அதிலும் கணுவின் இடுக்கில், இலைக்காம்பின் அக்குளில், மொட்டின் மடிப்பில் வெள்ளையாக ஒரு துளி பஞ்சு ஒட்டியிருந்தால், அது செம்பருத்தியோடு இலவசமாக வரும் விருந்தாளி. மாவுப்பூச்சி. பிரெஞ்சிலும் இதன் பெயருக்குள் மாவு என்ற சொல் இருக்கிறது, 'கொஷ்னீய் ஃபரினேஸ்' என்பார்கள். தமிழனும் பிரெஞ்சுக்காரனும் தனித்தனியாகப் பார்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்.

2008இல் கோயம்புத்தூர் பக்கம் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. பப்பாளி மாவுப்பூச்சி என்று பெயர். பெயர்தான் பப்பாளி, அதன் சாப்பாட்டுப் பட்டியல் நீளம். பப்பாளி, மல்பெரி, காட்டாமணக்கு, பருத்தி, செம்பருத்தி, மரவள்ளி. அந்த இரண்டு வருடங்களில் கொங்கு நாட்டில் பட்டுப்புழு வளர்த்தவர்களும் பப்பாளி போட்டவர்களும் பட்ட பாட்டை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மரங்கள் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து நின்றன. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை, உடம்பெல்லாம் மெழுகு, மருந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைச் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூரு ஆய்வு நிலையம் தருவித்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஊர் ஊராக விட்டது. அவற்றில் அசெரோஃபேகஸ் என்ற ஒன்று கொசுவைவிடச் சிறியது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு உள்ளேயே தின்று முடித்துவிடும். சில மாதங்களில் அடங்கியது.

அதோடு போயிற்றா? 2020இல் மரவள்ளிக்கென்றே ஒரு மாவுப்பூச்சி கேரளத்தில் திருச்சூரில் தென்பட்டு, சேலம், நாமக்கல் காடுகளுக்கு வந்துவிட்டது. நுனி கொத்தாகச் சுருங்கி, கணுவுக்குக் கணு இடைவெளி குறுகி, செடி குட்டையாக நிற்கும். இது தென் அமெரிக்காவிலிருந்து 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே கோடிக்கணக்கான மக்களின் சாப்பாட்டில் கை வைத்த பூச்சி. நடவுக் குச்சியோடுதான் கடல் தாண்டியிருக்கும் என்பது அறிஞர்களின் கருத்து. அதன் எதிரிக் குளவியைப் பராகுவே நாட்டில் 1981இல் கண்டுபிடித்து ஆப்பிரிக்காவில் பரப்பினார்கள். அந்த வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரென் என்ற சுவிஸ் நாட்டுக்காரருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து நமக்கு வந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. ஏத்தாப்பூர் நம் பக்கத்து ஊர்தான். ஒரு பூச்சியின் கதைக்குள் நாலு கண்டம் வந்துவிட்டதா?

இதைச் செம்பருத்திக்காரர்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், கொல்லிமலையில் இன்று பணப்பயிர் மரவள்ளிதான். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில் பாதிக்கு மேல் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி ஏறிவிட்டது. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். என் மனசு சாமை பக்கம், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் எனக்குப் பின்வீட்டுக்காரரின் மகள் கல்லூரிக் கட்டணம் மரவள்ளியில்தான் வருகிறது. என் திண்ணைக்கும் அவர் காட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலி, அவ்வளவுதான். பப்பாளி மாவுப்பூச்சிக்கு என் செம்பருத்தியும் ஒன்று, அவர் மரவள்ளியும் ஒன்று. ஒரு தாய்ப்பூச்சி பஞ்சுப் பொதிக்குள் 100 முதல் 600 முட்டை வரை இடும். குஞ்சுகள் காற்றில் பறக்கும், நம் சட்டையில் ஒட்டும், எறும்புகள் கூலிக்காரர் போலத் தூக்கிச் செல்லும். அழகுக்கு வளர்க்கிறவன் இழந்தால் ஒரு தொட்டி. அவர் இழந்தால் ஒரு வருடம். மரவள்ளிக்கும் விதை குச்சிதான் என்பதால், இந்த வருடத்துக் குச்சியில் ஒட்டினது அடுத்த வருடக் காட்டுக்கும் தானாகப் போகும்.

வாழை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழனிக் கீழ்மலையிலும் சிறுமலையிலும் பேர்போன மலைவாழையும் விருப்பாச்சியும் முடிக்கொத்து நோயில் எப்படிக் கரைந்தன என்பது தெரிந்த கதை. கன்றோடு போன நோய் அது. அசுவினி பரப்பியது பாதி, நல்ல மனசோடு கன்று கொடுத்தவர்கள் பரப்பியது பாதி. இங்கே மிளகு வைத்திருப்பவர்கள் மாசி, பங்குனியில் ஓடுகொடியை வெட்டிப் பையில் போடும்போது வாடல் நோய் கண்ட கொடியின் பக்கமே போவதில்லை. படிப்பில்லாத என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இதை ஒரு வேதம் போல அனுசரிக்கிறார். பூச்செடி என்று வந்தால் மட்டும் எல்லோருக்கும் கண் மறைத்துவிடுகிறது. அழகுக்கு என்ன நோய் என்ற நினைப்பு.

எங்களுக்குப் பள்ளியில் சரித்திரப் பாடத்தில் ஃபிலோக்ஸெரா என்று ஒரு பாடம் இருந்தது. திராட்சைத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்திராத புதுச்சேரிப் பையன்கள் நாங்கள் அதை உருப்போட்டோம். அமெரிக்கத் திராட்சைக் கொடிகளை ஆசைப்பட்டு வரவழைத்தார்கள். அவற்றின் வேரில் கண்ணுக்கே தெரியாத ஒரு பேன் வந்தது. பாய்மரக் கப்பலில் மாதக்கணக்காக வந்தபோது வழியிலேயே செத்தது, நீராவிக் கப்பல் வந்து பயணம் குறுகியதும் உயிரோடு இறங்கியது என்பார்கள். வார்டு டாக்டரின் கண்ணாடிப் பெட்டியும் அந்தக் காலத்தில் செடியைக் காப்பாற்றியது போலவே செடியின் பேனையும் காப்பாற்றியது. 1863 வாக்கில் தென் பிரான்சில் கொடிகள் காய ஆரம்பித்தன. 1868இல் மோன்பெலியேவைச் சேர்ந்த பிளான்ஷோன் என்ற பேராசிரியர் உள்ளிட்ட சிலர் வேரைத் தோண்டிப் பார்த்துப் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். காய்ந்த கொடியைத் தோண்டாமல், இன்னும் பச்சையாக இருந்த பக்கத்துக் கொடியைத் தோண்டினார்கள், அங்கேதான் பூச்சி மொய்த்துக் கிடந்தது. செத்த செடியை விட்டுப் பூச்சி ஏற்கெனவே அடுத்ததுக்குப் போயிருந்தது. எங்கள் வாத்தியார் இந்த இடத்தில் மேஜையைத் தட்டுவார். இன்றும் என் தொட்டியில் ஒரு செடி வாடினால் நான் முதலில் பார்ப்பது அதற்குப் பக்கத்துத் தொட்டியைத்தான்.

மருந்தும் கடைசியில் குச்சியிலேதான் கிடைத்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடியின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போய்விட்டன. 1878இல் ஐரோப்பிய நாடுகள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடி ஃபிலோக்ஸெரா ஒப்பந்தம் போட்டன. செடி கடத்தலைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து போட்ட முதல் காகிதம் அது. நம் நாட்டில் அழிவு விளைக்கும் பூச்சிகள், நோய்கள் சட்டம் என்று 1914இல் ஒன்று வந்தது, அந்த வருடத்தின் இரண்டாம் எண் சட்டம். நான் காகிதத்தில் வாழ்ந்தவன், காகிதத்தை மதிக்கிறவன். ஆனால் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் அந்தக் காகிதத்துக்கு ஆள் இருக்கிறது. மலை ஏறும் பஸ்ஸில் யார் இருக்கிறார்கள்? நாம்தான் இருக்கிறோம்.

இதற்கு இரண்டு விதமான பதில் எனக்கு வருகிறது. ஒன்று, "செடி கொடுத்தா புண்ணியம், இதுலயும் ஆபீஸ் சட்டம் பேசறீங்களே டீச்சரப்பா" என்பது. சொன்னவர் எனக்கு வேண்டியவர், அவர் வீட்டு அம்மா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். அவரிடம் நான் சொன்னது இதுதான்: "பால் கொடுக்கறதும் புண்ணியந்தானுங்க. காய்ச்சாத பாலைக் கைக்குழந்தைக்குக் கொடுப்பீங்களா?" அவர் சிரித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்த கட்டையும் நட்டுவிட்டார். சிரிப்பு ஒப்புதல் ஆகாது என்று அலுவலகத்திலேயே தெரிந்துகொண்டவன் நான்.

இரண்டாவது கூட்டம் படித்த கூட்டம். அவர்கள் சொல்வது, "குச்சியே வேண்டாம் சார், நர்சரியில் வாங்கிவிட்டால் சுத்தம்." இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேனில் வந்து இறங்கும் தொட்டிச் செடி எந்த மாநிலத்து மண்ணோடு வருகிறது, வழியில் எத்தனை செடியோடு உரசிக்கொண்டு வருகிறது என்று யாருக்குத் தெரியும்? பளபளவென்று இருப்பதற்காக வாரத்துக்கு வாரம் மருந்தடித்து, வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரத்தில் வெள்ளை பூக்கும் செடிகளை இந்தத் தெருவிலேயே கண்டிருக்கிறேன். குச்சியிலாவது நாலு கணுதான், பூதக்கண்ணாடி வைத்து ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். தொட்டி மண்ணுக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பது? காசு கொடுத்தது என்பதால் ஒரு செடிக்குச் சுத்தப் பத்திரம் வந்துவிடாது.

வேடிக்கையாக இன்னொன்றும் சொல்கிறேன். செம்பருத்தி மாவுப்பூச்சி என்று இளஞ்சிவப்பில் இன்னொரு வகை உண்டு, அது நம் பக்கத்துச் சரக்கு. அது 1994இல் கரீபியன் கடலில் கிரெனடா என்ற சின்னத் தீவுக்குப் போய், அங்கே வீட்டுக்கு வீடு இருந்த செம்பருத்தி வேலிகளைப் படுக்க வைத்துவிட்டது. ஆகவே மெக்ஸிகோக்காரன் நமக்கு அனுப்பிவிட்டான் என்று புலம்ப நமக்கு உரிமை இல்லை. பாக்கி இரண்டு பக்கமும் இருக்கிறது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர் என்று கேட்பீர்கள். முதலில், மலையில் ஏற்கெனவே இருக்கிற செம்பருத்தியில் குச்சி எடுங்கள். குண்டூர் நாட்டில் மட்டுமே ஒற்றைச் சிவப்பு, அடுக்குச் சிவப்பு, ரோஸ், வெள்ளை, மஞ்சள் எல்லாம் வாசல்களில் நிற்கின்றன. நான் நடந்து பார்த்திருக்கிறேன். பக்கத்து நாடுகளுக்கும் ஒரு நடை போனால் இன்னும் கிடைக்கும். இல்லாத நிறம் வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் ஆரஞ்சு நிறத்தின் மேல் ஒரு கண் உண்டு. அப்படியே கீழிருந்து வந்தே தீர வேண்டுமென்றால், குச்சியைக் கீழேயே இலை முழுவதும் உரித்துவிட்டு, மொட்டு ஒன்று விடாமல் கிள்ளிவிட்டு, சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கணுவுக்குக் கணு தேய்த்துக் கழுவி எடுத்து வாருங்கள். சுற்றி வந்த சாக்கையும் காகிதத்தையும் எரித்துவிடுங்கள்.

பிறகு நாற்பது நாள் தனிமை. மற்றத் தொட்டிகளிலிருந்து விலக்கி, காட்டு ஓரமாக இல்லாமல், வீட்டுக்குள் ஜன்னலோரத்தில். ஏன் நாற்பது நாள் என்றால் பப்பாளி மாவுப்பூச்சிக்கு முட்டையிலிருந்து முட்டை வரை ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. ஒளிந்திருந்த முட்டையும் அதற்குள் வெளியே வந்து முகத்தைக் காட்டிவிடும். எப்படியும் வேர் விட ஆறு வாரம் ஆகிறது, அந்தப் பைக்குள்ளேயே அதுவும் கழிந்துவிடும், தனியாகச் செலவு ஒன்றுமில்லை. கப்பல்களை நாற்பது நாள் கரைக்கு வெளியே நிறுத்தி வைத்ததால்தான் அந்தத் தடுப்புக்கே பிரெஞ்சில் நாற்பது என்ற பொருளில் 'கராந்தேன்' என்று பெயர் வந்தது. கொரோனாவில் நாம் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த காலத்தில் எனக்கு அந்தச் சொல்லைப் பேரப்பிள்ளைகளுக்கு விளக்குவதே வேலை.

அந்த நாட்களில் தொட்டியில் எறும்பு வரிசை ஏறுகிறதா என்று பாருங்கள். வெள்ளையைவிட எறும்பு முதலில் கண்ணில் படும். இலையில் பிசுபிசுப்பு, அதன்மேல் கரிபோல் பூசணம், தளிர் சுருளல், இவை எல்லாம் அடையாளம். ஒன்றிரண்டு இருந்தால் ஈரத் துணியில் துடைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து அடியுங்கள். அப்பியிருந்தால் தயவு பார்க்காமல் எரித்துவிடுங்கள். ஓடையிலோ குப்பை மேட்டிலோ வீச வேண்டாம், காய்ந்த குச்சியை விட்டு அது பக்கத்துக் காட்டுக்கு நடந்து போகும், பிளான்ஷோன் தோண்டிப் பார்த்தது அதைத்தான். கடும் விஷ மருந்து அடிக்காதீர்கள். அவ்வளவு தூரத்திலிருந்து தருவித்த குளவி முதலில் சாகும், மெழுகுச் சட்டை போட்ட பூச்சி பிழைக்கும்.

வல்வில் ஓரி விழாவின்போது வாசலூர்ப்பட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி வைக்கிறார்கள். பூவால் யானை, பூவால் வில் என்று அழகாகத்தான் இருக்கிறது. கூட்டமும் வருகிறது. அங்கே ஒரு ஓரத்தில் ஒரு மேஜை போட்டு, தோட்டக்கலை படித்த ஒரு பிள்ளையை ஒரு பூதக்கண்ணாடியோடு உட்கார வைத்தால் என்ன? வீட்டுச் செடிக் குச்சி கொண்டு வருகிறவர்கள் காட்டலாம், பார்த்துச் சரி என்று சொன்னதை மட்டும் மலைக்காரர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். பெரிய செலவில்லை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி. இதை ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். மூன்று பிரதி எடுத்தாயிற்று. தெருவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன், பால் புண்ணியக்காரரும் போட்டுவிட்டார்.

என்னிடம் இப்போது வேர் பிடித்த அடுக்குச் சிவப்பு ஏழும், வெள்ளை மூன்றும் இருக்கின்றன. எல்லாம் இந்தத் தெருச் செடிகளின் குச்சிகள்தான். நாற்பது நாள் முடிந்தவை. ஆடிப் பதினெட்டுக்குப் பிறகு காலை பத்து மணிக்கு மேல் யார் வந்தாலும் கொடுக்கிறேன். ரோஸ் வைத்திருப்பவர்கள் வரும்போது பென்சில் கனத்தில் இரண்டு குச்சி கொண்டு வாருங்கள், மொட்டில்லாத கிளையாகப் பார்த்து. காபி உண்டு, சர்க்கரை வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.